குறை கண்டுபிடிக்கப் போன வீடு

2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு பாரிஸின் ரூ பஜோல் தெருவில் நண்பன் யோகனின் பழைய காரில் ஏறினேன். முன் ஆசனம் எனக்கு. பெரிய வயிறு உள்ளவருக்கு முன் ஆசனம் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். பின்னால் யோகனின் மனைவி வசந்தி, மடியில் இடியப்பப் பெட்டியும் சம்பல் போத்தலுமாக. போகும் இடம் நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள நூனன் என்ற கிராமம். தூரம் நானூற்று முப்பது கிலோமீற்றர். காரியம், வீடு பார்ப்பது.

வீடு வாங்கப்போவது அவர்கள். நான் எதற்கு? நான் சரியென்று சொல்லாத எதையும் யோகன் வாங்கமாட்டான். இந்தக் காரை வாங்கியபோதும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனான். இதில் ஹீற்றரைப் போட்டால் வைப்பரும் சேர்ந்து ஆடும். அதற்குப் பிறகும் என் தீர்ப்பை நம்புகிறவன் நல்ல நண்பனாகத்தான் இருக்க முடியும்.

அவனுக்குத் தெரியாத ஒரு விசயம் உண்டு. நான் அன்று வீடு பார்க்கப் போகவில்லை. வீட்டில் குறை பார்க்கப் போனேன். பெரிதாக ஒன்று அகப்பட்டால் அவன் பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலை விட்டுப் போகமாட்டான்.

2009இலிருந்து அவர்களும் நானும் லாச்சப்பலில் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் அடுத்தடுத்த வீடு. நான் கலியாணம் கட்டவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் பெண் வீட்டாரும் என்னில் குறை பார்த்தார்கள், அவர்களுக்குத் தேடவேண்டியே இருக்கவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அப்பளம் போல ஒரு சுவர். வசந்தி அதில் ஒருமுறை தட்டினால் ரீவிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறாள். இரண்டுமுறை தட்டினால் தேத்தண்ணி தயார். நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். நான் இரண்டுமுறை தட்டினால் ஏதோ தேவையென்று அவள் வருவாள். எனக்குச் சீனி வருத்தம் வந்தபோது என் தேத்தண்ணியில் சீனியை நிறுத்தியவளும் அவள்தான். வைத்தியர் சொல்லி நான் கேட்டிருக்கவில்லை.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ற் இல்லை. இரண்டு வருசமாக வசந்திக்கு முழங்கால் நோ. மூன்றாம் மாடியில் மரக்கறிப் பையை இறக்கி வைத்துவிட்டு, "நீங்கள் போங்கோ, நான் வாறன்" என்பாள். அப்படி அவள் நிற்பதைப் பார்த்துத்தான் ஐந்தோவனில் வேலை செய்யும் மகள் அபி வீடு தேடத் தொடங்கினாள். யோகனுக்கும் அங்கே ஒரு களஞ்சியத்தில் வேலை சொல்லிவைத்திருந்தாள். எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போர்த் து லா ஷப்பல் என்ற நகர வாசலில் A1 நெடுஞ்சாலையில் ஏறி, பதினாறு யூரோ சொச்சம் சுங்கம் கட்டி, லீல் தாண்டினோம். பெல்ஜியத்துக்குள் போனதும் சாலைக்குக் காசு இல்லை, சாலையும் அதற்கேற்றபடிதான் இருந்தது. ஒன்பது மணிக்கு கென்ற் நகரத்துக்கு முன்னால் ஒரு தரிப்பிடத்தில் இடியப்பத்தைப் பிரித்தோம்.

"என்ன மச்சான், ஒண்டும் கதைக்காமல் வாறாய்?" என்றான் யோகன்.

"இடியப்பம் முடியப்போகுது எண்ட கவலை."

"ஹொலண்டிலயும் இடியப்பம் அவிக்கலாம் அண்ணை," என்றாள் வசந்தி. "தண்ணி கொதிக்கும் அங்கையும்."

பதினொன்றே காலுக்கு நூனன். ஒரே அச்சில் வார்த்தது போல இளஞ்செங்கல் வீடுகள், ஒன்றோடொன்று தோள் ஒட்டி வரிசையாக நின்றன. ஒரு சன்னலிலும் திரை இல்லை. தெருவில் நடக்கிறவனுக்கு எந்த வீட்டில் என்ன சாப்பாடு என்று தெரியும். எனக்கு அது பிடித்துப்போனது, ஆகவே வாயை மூடிக்கொண்டேன். சத்தம் என்று பார்த்தால் எங்கோ ஒரு சைக்கிள் மணி மட்டும்.

"செத்த வீடு மாதிரிக் கிடக்கு," என்றேன்.

"செத்த வீட்டில இதைவிடச் சத்தம் இருக்கும் அண்ணை."

வாசலில் அபியும், வீடு விற்றுக்கொடுக்கும் நிறுவனத்தின் இளம்பெண் ஒருத்தியும் காத்திருந்தார்கள். அந்தப் பெண் கோப்பி தந்தாள், கூடவே ஆளுக்கு ஒரு பிஸ்கற். இரண்டாவதை எதிர்பார்த்து நான் பெட்டியைப் பார்த்தேன். அவள் பெட்டியை மூடினாள்.

"முதல் குறை," என்றேன் அபியிடம்.

"மே நொன், அப்பிடியில்லை மாமா," என்று சிரித்தாள். "அது இஞ்சத்தைப் பழக்கம்."

வேலையைத் தொடங்கினேன். வாசல் தெற்குப் பார்த்தால் வசந்தி யோசிப்பாள் என்று நம்பி கைத்தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்தேன். கிழக்கு. பரம்பரைச் சாத்திரியார் ஒருவர் நின்று அளந்து கொடுத்ததுபோல அச்சொட்டான கிழக்கு. குளியலறையில் மோந்து பார்த்தேன், சவர்க்கார வாசம். சமையலறை கூடத்தோடு சேர்ந்திருந்தது. மீன் பொரித்தால் வீடு முழுக்க மணக்குமே என்றேன். அந்தப் பெண் அடுப்புக்கு மேலிருந்த புகைபோக்கியை முடுக்கினாள். என் கையிலிருந்த கடதாசித் துண்டு பறந்துபோய் அதில் ஒட்டிக்கொண்டது.

மேலே ஏறும் படி மட்டும் ஏணியைப் போல நெட்டாக இருந்தது. எனக்குள் ஒரு வெளிச்சம். "வசந்தி, உம்மட காலுக்கு இது சரிவராது," என்றேன்.

அவள் கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஏறினாள், இறங்கினாள். "ஒண்டுதானே அண்ணை. மற்ற நாலும் எங்கை எண்டு தேடுறன்."

கடைசியாகச் சுவர். வீடு பார்க்கிறவன் சுவரைத் தட்டிப் பார்க்கவேண்டும், பொந்தாக இருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரில், கை பழகின பழக்கத்தில், இரண்டுமுறை தட்டினேன்.

"ஓம் அண்ணை, வந்திட்டன்," என்றாள் சமையலறையில் நின்ற வசந்தி. சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. எல்லோரும் சிரித்தோம்.

அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அபி தமிழாக்கினாள். "பயப்பட வேண்டாமாம். இது ஒரு சுவர் இல்லையாம், ரெண்டாம். நடுவில இடைவெளி விட்டிருக்காம். நாங்கள் மேளம் அடிச்சாலும் பக்கத்து வீட்டுக்குக் கேக்காதாம்."

"ஒண்டும் கேக்காதாமோ?" என்றான் யோகன்.

"ஒண்டுமே கேக்காதாம் அப்பா. அதுதான் விசேசமாம்."

யோகன் எழுந்து வந்து தானும் இரண்டுமுறை தட்டினான். அரிசி மூட்டையில் தட்டியது போலிருந்தது. காதை வைத்துக் கேட்டான். பிறகு என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"நீ என்ன சொல்லுறாய்?"

"வாங்கப்போறது நீ."

"பகிடி விடாத. அந்தச் சுவர் எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. நீ வேண்டாம் எண்டு சொல்லு, இப்பவே காரை எடுக்கிறன்."

நானூற்று முப்பது கிலோமீற்றர் தாண்டி நான் தேடிவந்த குறை அதுதான். விற்கிறவளே எடுத்து என் கையில் தந்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். இரவுச் சோற்றுக்குள் பாரிஸில் நிற்கலாம்.

கண்ணாடிக் கதவு வழியே உள்ளே பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில் வசந்தி மறுபடியும் அந்தப் படியில் ஏறினாள். மேலே போனாள். நிற்காமல் திரும்பி வந்தாள். கையில் பை இல்லை, முகத்தில் களைப்பு இல்லை. கீழே வந்து, கடைசிப் படியைத் தட்டிக்கொடுத்தாள்.

"படி கொஞ்சம் நெட்டு," என்றேன். "அதைச் சொல்லி விலையில ரெண்டாயிரம் குறைக்கப் பார். வாங்கு."

"சுவர்?"

"நல்ல சுவர். நீ குறட்டை விடுறதுக்கு இப்பிடி ஒண்டுதான் வேணும்."

அவன் உள்ளே போனான். நான் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புல்லிலும் குறை இல்லை.

திரும்பும் வழியில் எல்லோரும் களைத்துப்போய் வந்தோம், அல்லது அப்படி நடித்தோம். மாலை ஆறரைக்கு லாச்சப்பல். மரக்கறிக் கடை வாசலில் முருங்கைக்காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள், கொத்துரொட்டிச் சத்தம் கேட்டது, யாரோ யாரையோ பார்க்கிங்குக்காகத் திட்டினார்கள். வசந்தி மூன்றாம் மாடியில் வழக்கம்போல நின்றாள். "நீங்கள் போங்கோ." அன்று நான் போகவில்லை, மூச்சு வாங்குகிறது என்று சொல்லி அவளோடு நின்றேன். வயிற்றைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள்.

சப்பாத்தைக் கழற்றி முடியவில்லை, சுவரில் இரண்டு தட்டு. கோப்பையை எடுத்தேன்.

அந்த வருசக் கடைசியில் அவர்கள் போய்விட்டார்கள். யோகன் ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பான். "மச்சான், இஞ்சை நான் தட்டினால் எனக்கே கேக்குதில்லை. வசந்தி மேலயும் கீழயும் ஓடித்திரியுறா, பிடிக்கேலாமல் கிடக்கு." நான் இரண்டுமுறை போய் வந்தேன். நல்ல வீடு. இடியப்பமும் நன்றாக வருகிறது.

பக்கத்து வீட்டில் இப்போது ஒரு பிரெஞ்சு இளைஞன் இருக்கிறான். போன தை மாதம் நாள்காட்டி மாட்ட நான் ஆணி அடித்தேன். அந்தப் பக்கமிருந்து கோபத்தோடு இரண்டு தட்டு வந்தது. யோசிக்கும் முன்னரே என் கால் கிளம்பிவிட்டது. அவன் கதவைத் திறந்தபோது நான் கையில் வெறுங்கோப்பையோடு நின்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். கோப்பையைப் பார்த்தான். "என்ன வேண்டும், ஐயா?"

ஏதாவது சொல்லவேண்டுமே. கொஞ்சம் சீனி கிடைக்குமா என்று கேட்டேன்.

நல்ல பிள்ளை. கோபத்தை மறந்து உள்ளே போய் கோப்பை நிறையக் கொண்டுவந்து தந்தான். அது இன்னும் என் மேசையில் அப்படியே இருக்கிறது.