மூடி திறக்காத பாட்டில்கள்

1. சிக் ரூம்

பன்னிரண்டு வருஷமாக நான் பள்ளிக்கூட நர்ஸ். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு தனியார் பள்ளி, பெயர் வேண்டாம். போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை சிக் ரூம் கட்டிலில் என் மகளே வந்து படுத்தாள். நிவேதா, ஏழாம் வகுப்பு. குளிர் நடுக்கம், காய்ச்சல் 103, முதுகில் வலி. வேறு பிள்ளை என்றால் வீட்டுக்குப் போன் போடச் சொல்லியிருப்பேன். இங்கே போன் போட வேண்டிய ஆள் நானே.

ஆஸ்பத்திரியில் யூரின் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "இன்ஃபெக்‌ஷன் கிட்னி வரைக்கும் போயிருக்கு. அட்மிட் பண்ணிடுங்க. ஸ்கூல்ல தண்ணியே குடிக்கறதில்லையா?" என்றார்.

"குடிக்கறாங்க டாக்டர். எங்க ஸ்கூல்ல வாட்டர் பெல் இருக்கு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

2. போட்டோ

வாட்டர் பெல் ஒரு நாளைக்கு மூன்று முறை அடிக்கும். பாடத்தை நிறுத்திவிட்டு எல்லாப் பிள்ளைகளும் பாட்டிலைத் தூக்கிக் குடிக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதை நான் போட்டோ எடுத்து, வெல்னஸ் ரிப்போர்ட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போடுவேன்.

டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது என் போனில் அந்தப் போட்டோவை நிவேதாவிடம் காட்டினேன். "குடிச்சுக்கிட்டுத்தானே இருக்கே, பாரு."

"பெருசாக்கிப் பாரும்மா."

பெரிதாக்கினேன். பாட்டில் உதட்டில் இருந்தது, மூடி மூடியே இருந்தது. அவளுடையது மட்டுமல்ல, பெண் பிள்ளைகள் வரிசையில் பாதிக்கு மேல் அப்படித்தான்.

"குடிச்சா பாத்ரூம் வரும். பாத்ரூம் பூட்டியிருக்கும். லஞ்ச்ல மட்டும்தான் திறப்பாங்க, அப்ப ஒரே கியூ. நாங்கல்லாம் வீட்டுக்குப் போய்த்தான் போவோம்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீதானம்மா போட்டோ எடுக்கறே."

3. பூட்டு

ஸ்டாஃப் டாய்லெட் கீழே, என் ரூமுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டாம் மாடியில் பெண் பிள்ளைகளின் டாய்லெட் கதவை நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. மகள் டிஸ்சார்ஜ் ஆன பிறகு போனேன். பெரிய பூட்டு. அதே கதவில் 'தினமும் தண்ணீர் குடிப்போம்' என்று பிள்ளைகள் வரைந்த சார்ட்.

சாவி ஆயா லட்சுமம்மாவின் இடுப்பில். கன்னடமும் தமிழும் கலந்து சொன்னாள்: "ஏனு மாடோது சிஸ்டர், நான் என்ன பண்றது சொல்லுங்க? மூணு மாடிக்கும் நான் ஒருத்தி. அழுக்கா இருந்தா திட்டு எனக்கு. மேடம்தான் பூட்டச் சொன்னாங்க."

டாய்லெட் அழுக்காகக் கூடாதாம். பிள்ளைகள் உடம்பு கெட்டால் பரவாயில்லையாம். நேராகப் பிரின்சிபல் ரூமுக்குப் போனேன்.

"சிஸ்டர், நீங்க எமோஷனலா இருக்கீங்க. அடுத்த வாரம் வெல்னஸ் அவார்டுக்குப் பார்க்க வர்றாங்க. இந்த மாச ரிப்போர்ட்ல சைன் பண்ணிடுங்க, அப்புறம் பேசலாம்."

"பண்றேன் மேடம். பாட்டில் போட்டோவோட இந்தப் பூட்டு போட்டோவும் போகும்."

"வேலை வேணுமா வேண்டாமா உங்களுக்கு?"

"எனக்கு மக வேணும் மேடம்."

பூட்டு போட்டோவைச் சேர்க்க மேடம் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் அன்று நான் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் காலை பூட்டு இல்லை. லட்சுமம்மாவுக்குத் துணையாக இன்னொரு ஆயாவைப் போட மேலும் இரண்டு மாதம் ஆனது. அதுவரை ரிப்போர்ட் கையெழுத்தில்லாமல் என் டிராயரில் கிடந்தது. அவார்டு வேறு பள்ளிக்குப் போனது. அதற்காக இன்றும் சிலர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பள்ளி வேலைக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு ஒன்று சொல்வேன். மணி அடிக்கிறதா என்று பார்க்காதீர்கள். மாடியேறிப் போய்க் கதவு திறக்கிறதா என்று பாருங்கள். கடைசி பீரியடில் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள்.

சந்தாபுராவில் எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் நிவேதாவின் பையைத் திறந்து பாட்டிலை ஆட்டிப் பார்க்கிறேன்.

"காலிதாம்மா. விடேன்" என்கிறாள்.

காலியாகத்தான் இருக்கிறது. நாளைக்கும் பார்ப்பேன்.