மிட்சுயோ பிடுங்கி வைத்த கேரட்

மிட்சுயோ எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. பனியே விழாத தெற்குக் கடற்கரையில், யாய்சு துறைமுகத்துக்காரி. சூரை மீனைக் காயவைக்கிற கொட்டகையில் பத்தொன்பது வயதிலிருந்து வேலை பார்த்தவள். எங்கள் பக்கத்து வீட்டு செய்கோ, பனிக்காலத்தில் இங்கே வேலை இல்லாததால் வருஷாவருஷம் அந்தத் துறைமுகத்துக்குக் கூலிக்குப் போவார். அங்கேதான் பழக்கம். இருவருக்கும் அது இரண்டாம் கல்யாணம்.

அவள் வந்தது இலையுதிர் காலத்தின் கடைசியில். முள்ளங்கி, முட்டைக்கோஸ் எல்லாம் வீட்டுக்குள் வந்தாகிவிட்டது. செய்கோ அந்த வருஷம் யாய்சுவுக்குப் போகாமல், பக்கத்து மலையில் பனிச்சறுக்குத் திடலில் வேலைக்குச் சேர்ந்தார். திடல் திறப்பதற்கு முந்தைய வேலைகளுக்காக ஒரு வாரம் அங்கேயே தங்க வேண்டியிருந்தது.

தனியாக இருந்த மிட்சுயோ, மேட்டு நிலத்தில் கேரட் அப்படியே நிற்பதைப் பார்த்தாள். தொலைக்காட்சியில் பெரும் பனி வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனுஷன் மறந்துவிட்டார் என்றே அவளுக்குத் தோன்றியது. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, யாரிடமும் கேட்கக் கூச்சம். குளிரில் விரல் வெடிக்க வெடிக்க ஒற்றை ஆளாக முழு நிலத்தையும் தோண்டிவிட்டாள். கழுவி, துடைத்து, பெட்டிகளில் அடுக்கி, துறைமுகத்தில் கட்டுகிற மாதிரியே கயிறு போட்டு இறுக்கி, வாசல் கதவோரம் வரிசையாக வைத்தாள்.

நான்தான் முதலில் பார்த்தேன்.

"அடி மிட்சுயோ! இது என்னது?"

"கேரட்டுதான்க்கா. நல்ல வேளை, பனிக்கு முன்னாடி எடுத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "அதைப் பனிக்குள்ள விடத்தான்டி போட்டதே! மூணு ஆள் உயரத்துக்குப் பனி மேல கிடக்கும். வசந்தத்துல பனியத் தள்ளிட்டுத் தோண்டுவோம். அப்பதான் அது இனிக்கும். அதுக்குத்தான் நம்மகிட்ட வாங்க வர்றாங்க."

அவள் முகம் சுண்டிப்போனது. "வேணும்னே பனிக்குள்ள விடுவீங்களா? செடிய?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். திரும்ப நட்டுவிடலாமா என்றுகூடக் கேட்டாள், பாவம்.

செய்கோ மறுநாள் வந்தார். கதவோரம் கயிறு கட்டிய பெட்டிகளைப் பார்த்து அப்படியே நின்றார். மிட்சுயோ குனிந்து, "என்னை மன்னிச்சிடுங்க. இந்த ஊரே எனக்குப் புரியல" என்றாள்.

"சரி, விடு" என்றார் செய்கோ. அதோடு குளிக்கப் போய்விட்டார்.

அவளுடைய குழப்பம் அங்கே ஆரம்பித்தது. திட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பாள். அவரோ திட்டவில்லை, மாறாக மரியாதை கூடிக்கொண்டே போனது. சோற்றுக் கிண்ணத்தை நீட்டினால் நன்றி, தேநீருக்கு நன்றி. கேரட் பொரியல், கேரட் போட்ட மிசோ சூப், கேரட் ஊறுகாய் என்று எதை வைத்தாலும் ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டார். அது பிடித்துச் சாப்பிடுவதா, குத்திக்காட்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பனி கூரையைத் தொட்ட பிறகு இன்னொன்று நடந்தது. செய்கோ தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் வாசலிலிருந்து, ரயிலடிக்குப் போகும் பேருந்து நிறுத்தம் வரைக்கும் பனியை வெட்டி வழி செய்தார். அவரை வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி வருவது வீட்டுக்கு எதிர்ப்பக்கம். அந்த வழியில் அவர் நடந்ததே இல்லை.

"நோபு அக்கா, என்னைப் போகச் சொல்றாரோ?" என்று, அடியில் கணப்பு வைத்துப் போர்வை மூடிய என் கோதாட்சு மேசைக்குள் கால் நீட்டிக்கொண்டு கேட்டாள். போர்வைக்குள் அவள் கால் சூடேறவே இல்லை.

"கேளேன்டி அவரை."

"ஆமான்னு சொல்லிட்டா?"

எனக்கும் செய்கோவைப் புரியவில்லை. முப்பது வருஷம் பக்கத்து வீடு, என்ன பிரயோசனம்?

மார்ச் கடைசியில் எங்கள் நிலத்தில் இயந்திரம் வைத்துப் பனியைத் தள்ளினோம். பனிச்சுவர்களுக்கு நடுவே கறுப்பு மண் தெரிந்தது. தோண்டிப் பொறுக்க அவர்கள் இருவரும் கூலிக்கு வந்தார்கள். தங்கள் நிலத்தில்தான் ஒன்றுமில்லையே. மிட்சுயோ ஒரு கேரட்டை ஓடை நீரில் அலசிக் கடித்தாள். மென்றுகொண்டே இருந்தவள், கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக செய்கோவிடம் போனாள்.

"இதையா நான் கெடுத்தேன்? இவ்வளவையும் கெடுத்தவள ஒரு வார்த்தை திட்ட மாட்டீங்களா? வழி மட்டும் வெட்டிக் குடுப்பீங்களா, போய்த்தொலைன்னு?"

பொறுக்கிக்கொண்டிருந்த எல்லாரும் நிமிர்ந்துவிட்டோம். செய்கோவின் காது சிவந்தது.

"நீதானே போறதுக்குத் தயாரா இருந்தே?"

"நானா?"

"பெட்டியெல்லாம் கட்டி வாசல்ல வெச்சிருந்தியே. முன்னாடி இருந்தவளும் அப்படித்தான், பனிக்கு முந்தி பெட்டி கட்டினா. நீ வேற இந்த ஊரு புரியலன்னு மன்னிப்புக் கேட்ட. பயிரைத் தோண்டி வித்துட்டு அந்தக் காசுல கிளம்பப் போறியோன்னு நெனச்சேன். என்னைக்குப் போனாலும் பனியில விழாம போகட்டும்னுதான் வழி..."

"பெட்டிக்குள்ள கேரட்டுய்யா இருந்துச்சு!"

"அதான் தினமும் சாப்பிட்டேனே" என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். மிட்சுயோ மட்டும் சிரிக்கவில்லை, மண்ணில் உட்கார்ந்து அழுதாள். செய்கோ என்ன செய்வதென்று தெரியாமல் அவள் எறிந்த கையுறையைப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அந்த ஆகஸ்டில் இருவரும் சேர்ந்து விதைத்தார்கள். அடுத்த வசந்தத்தில் அவர்கள் நிலத்தில் நல்ல விளைச்சல். வாங்க வந்தவர்கள் பச்சையாகவே கடித்துத் தலையாட்டினார்கள். மிட்சுயோவுக்கு அந்த இனிப்பு இன்றுவரை பிடிபடவில்லை. "காய் காய் மாதிரி இருக்கணும்க்கா, இதென்ன பழம் மாதிரி" என்பாள். யாய்சுவில் இருக்கும் தங்கைக்கு ஒரு பெட்டி அனுப்பினாள். சர்க்கரைத் தண்ணியில ஊறப்போட்டியா என்று அவள் தொலைபேசியில் கேட்டாளாம்.

இதெல்லாம் நடந்து பதினாறு வருஷம் ஆகிறது. போன வாரம் மிட்சுயோ வேகவேகமாக என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அவரு தலைக்குக் கறுப்புச் சாயம் அடிச்சுட்டு வந்திருக்காரு. அறுபத்தி மூணு வயசுல! எதுக்குன்னு நெனக்கிறீங்க?"

"அவரையே கேட்க வேண்டியதுதானே?"

"கேட்டேன்க்கா. 'சும்மா'ங்கிறாரு."

நாங்கள் இருவரும் தேநீர் குடித்தபடி வெகுநேரம் யோசித்தோம். ஒன்றும் பிடிபடவில்லை. கேரட் நாற்றைக் கொஞ்சம் பிடுங்கிக் கலைக்க வேண்டும், நெருக்கமாக முளைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு அவள் நிலத்துக்குப் போனாள்.