சஹனைச் சுற்றி வந்த கோழிக்கால்

எங்கள் கலியாணத்தில் எனக்குக் கோழிக்கறி கிடைக்கவில்லை. பெண்ணுக்கு நான்கு துண்டு கிடைத்தது. அல்லாஹ் எழுதியது அப்படி.

இப்போது கற்பிட்டிப் பக்கம், எத்தாளையில் இருக்கிறோம். அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தோம். வெளிநாட்டு ராணுவம் நகரைப் பிடித்து வைத்திருந்த காலம். காலையில் இரண்டு மணித்தியாலம் ஊரடங்கைத் தளர்த்துவார்கள். அதற்குள் நிக்காஹும் முடிந்து, விருந்தும் முடிந்து, வீடு சேர்ந்துவிட வேண்டும். கடையில் சீனி இல்லை, கோதுமை மா இல்லை. இறைச்சிக்கடை பூட்டி எத்தனையோ நாள்.

பெண்ணின் வாப்பாவான என் மாமாவுக்கு ஒரே கவலை: மாப்பிள்ளை வீட்டார் அரை வயிற்றோடு எழும்பிவிடக் கூடாது. அவரிடம் இருந்ததோ நிவாரண அரிசி, பருப்பு, வீட்டு வளவில் காய்த்த முருங்கைக்காய், ஒரு கிழட்டுச் சேவல். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டைத்தான் சஹன் என்போம். நாங்கள் இருபத்துநான்கு பேர், நான்கு சஹன். சேவலின் இரண்டு காலும் இரண்டு நெஞ்சும் சஹனுக்கு ஒன்றாக வந்தன. மிச்சமெல்லாம் குழம்பில் கரைந்துவிட்டது.

பிஸ்மி சொல்லிக் கை வைத்தோம். என் முன்னால் இருந்த கோழிக்காலை என் வாப்பா பக்கம் தள்ளினேன்.

"எனக்குப் பல்லில்ல மகன்" என்று அவர் என் மச்சானிடம் தள்ளினார்.

"முப்பத்திரண்டும் கிடக்கு, பொய் சொல்றார்" என்று மச்சான் அதைச் சாச்சாவிடம், வாப்பாவின் தம்பியிடம், தள்ளினான்.

"நான் வயிறு முட்டத் திண்டுட்டு வந்தனான்" என்றார் சாச்சா.

"ஓம் ஓம், ஊரடங்கில வயிறு முட்டின ஒரே ஆள் நீங்கதான்!" என்றான் மச்சான்.

ஆறு பேரும் சிரித்தோம். சோறு தீர்ந்தது. கால் மட்டும் ஊர்வலம் முடித்து என் முன்னாலேயே வந்து நின்றது.

மற்றச் சஹன்களிலும் அதே கதைதான். நான்கு துண்டும் அப்படியே திரும்புவதைக் கண்டு மாமாவின் முகம் வெளிறிப்போனது.

"என்ன சம்மந்தி, கறி சரியில்லையா?"

வாப்பா எழும்பி அவரைக் கட்டிப்பிடித்தார். "ஊரே பட்டினி கிடக்கு. உங்கட வீட்டில சாப்பாடு மிஞ்சியிருக்கு, மாஷா அல்லாஹ்! இன்னும் என்ன வேணும்?"

மாமா அப்போதுதான் சிரித்தார். காலையிலிருந்து வெறும் தேத்தண்ணியோடு இருந்த பெண்ணுக்கு அந்த நான்கும் போனது எனக்குப் பிறகுதான் தெரியும்.

போன மாதம் இளைய மகளின் கலியாணம். சஹன் நிறையக் கோழி. பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எனக்கென்று ஒரு கால் அனுப்பினாள். பழக்கதோஷம், திருப்பி அனுப்பினேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் அனுப்பினேன். மூன்றாம் தடவை அவளே தட்டோடு வந்து நின்றாள்.

"தின்னுங்க மனுசன், ஊரடங்கு எடுத்துட்டாங்க!"

அல்ஹம்துலில்லாஹ், தின்றேன்.