ரிஷபத்துக்கு இந்த வாரம்

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது மீன் செதில்தான். உறுவையாறு கிராமத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம், போன வாரத்துப் பேப்பரை விரித்து நான் மீன் ஆய்ந்துகொண்டிருப்பேன். நாலடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்து என் ஓரகத்தி இந்த வாரத்துப் பேப்பரைப் படிப்பாள். அவள் மூத்த மருமகள், நான் இளையவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு மனசுக்குள் படிக்க வராது. "வாய் வுட்டுப் படிச்சாதான்டி எனக்கு ஏறுது" என்பாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கிற பிள்ளை மாதிரி தலைப்பு, செய்தி, நடுவில் வருகிற புடவைக்கடை விளம்பரம் என்று ஒன்றையும் விடமாட்டாள்.

வாரத்தில் ஆறு நாள் நான் மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் மிஷினோடு மல்லுக்கட்டுகிறவள். அந்தச் சத்தத்துக்குப் பிறகு அக்கா குரலில் பேப்பர் கேட்பது அப்படி ஒரு சுகம். கை பாட்டுக்குச் செதில் சுரண்டும், காது பாட்டுக்குக் கேட்கும். எந்த ஊரிலோ கல்யாண வீட்டில் நடந்த ரகளை, முடி கொட்டாமல் இருக்கக் கைவைத்தியம், சினிமாக்காரர் பேட்டி எல்லாம் முடிந்து கடைசியில் வார ராசிபலன். மேஷம் அவள் வீட்டுக்காரருக்கு, ரிஷபம் எனக்கு, சிம்மம் அவளுக்கு. என் வீட்டுக்காரரின் துலாம் ராசிக்கு அடிக்கடி வீண் அலைச்சல் வரும். லீவு நாளில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷனுக்கு அலைச்சலாம்! இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

ஒரு கோடையில், பொதுவாக இருந்த போர்வெல்லில் யார் கழனிக்கு முதலில் தண்ணீர் என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தது. அடிதடி இல்லை. அதற்குப் பதில் இரண்டு வீட்டுக்கும் சேர்ந்திருந்த பின்புறத்தை இரண்டாகப் பிரித்து ஆள் உயரத்துக்கு ஒரு மதில் எழுப்பிவிட்டார்கள். "அந்த வூட்டுல யாராண்டயாவது பேசுன, அப்புறம் என்னாண்ட பேசாத" என்றார் என் வீட்டுக்காரர். அந்தப் பக்கமும் அதே சட்டம்தான். தண்ணீர் கேட்டுச் சண்டை போட்டவர்கள் அவர்கள், வாயைக் கட்டிக்கொண்டது நாங்கள். தெருவில் எதிரெதிரே வந்தாலும் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசாமல் கடந்து போக வேண்டியதுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அக்கா இல்லாமல் இந்த வீட்டில் நான் எப்படிக் காலம் தள்ளுவேன் என்று யாராவது யோசித்தார்களா?

பேப்பரும் அவர்கள் பக்கம் போய்விட்டது. நமக்கும் ஒன்று போடச் சொல்லுங்கள் என்றேன். போனில்தான் எல்லாம் வருகிறதே என்றார். வருகிறது, யார் இல்லை என்றது? விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. ஒரு வாரம் முடிந்தது, இனி கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்காரலாம் என்கிற நிம்மதி மட்டும் அதில் வருவதில்லை.

மதில் எழும்பிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தனியாக மீனோடு உட்கார்ந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது. வழக்கத்தைவிட ஒரு பங்கு கூடுதல் சத்தமாகவே படித்தாள். எல்லாச் செய்தியும் முடித்து ராசிபலனுக்கு வந்தாள். மேஷம் படித்தாள். அடுத்து ரிஷபம் படித்தாள். அந்த வீட்டில் ரிஷப ராசிக்காரர் ஒருத்தரும் கிடையாது. "ரிஷபம். காலையில் சாப்பிடாமல் வேலைக்குச் செல்வதைத் தவிர்க்கவும்." நான் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுவது இந்த ஜோசியருக்கு எப்படித் தெரியும் என்று அசந்துபோனேன். வாரா வாரம் இதே கதைதான். கழுத்து வலி வந்த வாரம், ரிஷபத்துக்குக் கழுத்தில் கவனம் தேவைப்பட்டது.

நாலு மாதம் இப்படியே போனது. ஒரு ஞாயிறு மதகடிப்பட்டுக்கு மளிகை வாங்கப் போனவள், பெட்டிக்கடையில் தொங்கிய அதே பேப்பரை வாங்கிக்கொண்டு வந்தேன். மீனை ஆய்ந்து முடித்து, கை கழுவி, அக்கா ராசிபலன் ஆரம்பிக்கும்போது நானும் அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். "ரிஷபம். முகம் மிகவும் வாடியுள்ளது. மனதைத் தளரவிட வேண்டாம். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும்" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டது. என் கையில் இருந்த பேப்பரில், ரிஷபத்துக்கு வெளியூர்ப் பயணம், வாகனத்தில் நிதானம். அவ்வளவுதான் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்ணெய் எங்கேயும் இல்லை. நாலு மாதமாக எனக்குப் பலன் சொன்னது எந்த ஜோசியர் என்று அப்போதுதான் புரிந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். இருக்கட்டும் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டேன். பேசக்கூடாது என்றுதானே சொன்னார், படிக்கக்கூடாது என்று சொல்லவில்லையே. தொண்டையைச் செருமிக்கொண்டு, பேப்பரை விரித்துப் பிடித்துச் சத்தமாகப் படித்தேன். "சிம்மம். தாங்கள் படிப்பது ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது. இன்று மதியம் மதில் ஓரமாக வந்தால் மீன் குழம்பு கிடைக்கும்."

இவர் எழுந்து வந்து பேப்பரைப் பிடுங்குவார் என்றுதான் நினைத்தேன். அதற்குள் மதிலுக்கு மேலாக அக்காவின் குரல் வந்தது.

"இன்னா மீனுடி?"

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"சங்கரான்னு சொல்லு."