தனராஜின் கீழ்க்குரல் நோட்டு

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிக்கொட்டை அரைபட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஏதோ சொன்னார். மிஷின் சத்தத்தில் காதில் விழவில்லை. அரைத்து முடித்துப் பொட்டலத்தை நீட்டியபோது மறுபடி சொன்னார்: "உங்க சிநேகிதர் தனராஜ் சார் போயிட்டாராமே, நேத்து சாயங்காலம்." நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். பொடி அரைக்கிற நேரத்திலா இதைச் சொல்வது என்று கேட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டு கிட்வாய் நகரில் இருந்த அவர் வீட்டுக்கு நடந்தேன்.

தனராஜை உங்களில் பலருக்குத் தெரியும். பாளையங்கோட்டைக்காரர், அரசு அலுவலகத்தில் நூலகர், ஞாயிறுதோறும் சர்ச் பாடகர் குழுவில் கீழ்க்குரல். அவர் மாலை வகுப்பில் ஸ்பானிஷ் படித்தது சிலருக்குத்தான் தெரியும். ஏன் ஓய் இந்த வயதில் என்று கேட்டேன். அந்த வகுப்பறையில் ஹீட்டர் நன்றாக எரிகிறது என்றார். டெல்லிக் குளிரில் அதைவிட நல்ல காரணம் எனக்கும் தோன்றவில்லை.

அங்கேதான் அந்தப் பாட்டுப் புத்தகம் அவர் கையில் சிக்கியது. சுமார் நானூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயினில் யாரோ கையால் எழுதி வைத்தது. ஆசிரியை தம் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த நகலை இவருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார். சாமி பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஆற்றங்கரையில் துணி உலர்த்துகிற பெண், ஆடு மேய்க்கிறவனின் காதல், வாக்குத் தவறியவளைத் திட்டுகிற பாட்டு, இப்படி. நான்கு குரல்கள் ஒரே சமயத்தில் வெவ்வேறு மெட்டில் பாட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அது ஒரு புத்தகமே இல்லை, நான்கு. குரலுக்கு ஒன்று. முழுப் பாட்டு எவர் கையிலும் இருக்காது.

தனராஜும் அவர் மனைவி கிரேஸும் இரண்டு குரல். மற்ற இரண்டுக்கு மாடியில் குடியிருந்த என்னையும் என் மனைவி ஜெயாவையும் பிடித்தார். நான் கும்பகோணத்தில் எட்டு வருஷம் வாய்ப்பாட்டுக் கற்றவன். வானொலித் தேர்வில் இரண்டு முறை தோற்று, இனி வாயைத் திறப்பதில்லை என்று பதினோரு வருஷமாக வீம்பாக இருந்தவன். தனராஜ் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சாமிநாதன், மூணாவது கொரலுக்கு ஆள் இல்ல, வே" என்றார், சீட்டாட்டத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி. போனேன்.

அவர் பழைய குறிகளைப் படித்துச் சொல்லச் சொல்ல, நான் நான்கு நோட்டுகளில் ஸ்வரமாக எழுதினேன். எனக்குத் தெரியாத சங்கீதமா என்ற மிதப்பு. ஒவ்வொரு குரலும் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதை ஸட்ஜம் என்று போட்டுவிட்டேன். நம் பழக்கம் அதுதானே, அவரவருக்கு அவரவர் ஸா. ஆனால் நான்கு பேரும் ஒரே சுருதிப் பெட்டியில் அந்த ஸாவைப் பிடித்துத் தொடங்கியபோது வந்த சத்தம் இருக்கிறதே! பக்கத்து வீட்டு சர்தார்ஜி கதவைத் தட்டி, "சப் டீக் ஹை?", எல்லாம் சரிதானே என்று விசாரித்துவிட்டுப் போனார். எனக்கு மானம் போயிற்று. தனராஜ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நாலு பேரும் ஒரே வாசல்ல நொழையப் பாத்தோம், வே" என்றார். நான்கு நோட்டையும் முதலிலிருந்து திருத்தி எழுதினேன். அவர் ஒரு மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது என் இன்னொரு கெட்ட வழக்கம். ஜெயா மேலே போனால் நானும் அவள் பின்னாலேயே போய்விடுவேன். பாடுகிறவரைத் தொடர்ந்து போவதுதானே நாம் படித்த மரியாதை. இங்கே அது குற்றம். "கேட்டுக்கிட்டே பாடும். ஆனா பின்னால போவாதியும்" என்பார். அதை எத்தனை தடவை கேட்டிருப்பேனோ. ஆனால் "நல்லா இருந்தது" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே வராது. நான் அதற்குத்தான் காத்திருந்தேன், இப்போது சொல்வதில் என்ன வெட்கம். தேர்வில் தோற்ற குரல் யார் காதுக்காவது தேறியதா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

வகுப்பின் ஆண்டு விழாவில் துணி உலர்த்துகிற பெண்ணின் பாட்டைப் பாடினோம். நடுவே என் குரல் மட்டும் தனியாக வருகிற இடம் ஒன்று உண்டு. கீழ்க்குரல் பத்து எண்ணிக்கை சும்மா இருந்துவிட்டுப் பதினொன்றில் நுழைய வேண்டும். கடிகாரம் மாதிரி ஆள், அன்றைக்கு இரண்டு எண்ணிக்கை தாமதம். பின்பாதி முழுக்கத் தடுமாறி ஒருவழியாகக் கரை சேர்ந்தோம். பஸ்ஸில் வரும்போது வாய்க்கு வந்தபடி கத்தினேன். "பத்து எண்ணத் தெரியாதா உமக்கு? சர்ச்சில் பாடுகிறவர் என்று பேர் வேறே." அவர், "தப்புதான், வே" என்று வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

அதன் பிறகும் அந்த இடத்தில் அவருக்குத் தவறாமல் தவறும். மற்ற பாட்டு எதிலும் பிசகாது. நான் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு மாறிப் போகும்வரை ஆறு வருஷம் பாடினோம். ஆறு வருஷமும் அந்த ஓர் இடத்துக்காக அவரைத் திட்டினேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். உங்களில் சிலரிடமும் சொல்லியிருப்பேன்.

அடக்கம் முடிந்த மறு வாரம் கிரேஸ் கூப்பிட்டு அனுப்பினார். கீழ்க்குரல் நோட்டை என் கையில் வைத்து, "அண்ணே, இது ஒங்ககிட்டதான் இருக்கணும்" என்றார். ஜெயாவுக்கு முன்னால் அதைத் திறக்க எனக்குத் தைரியமில்லை. பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பாட்டைத் தேடினேன். அவர் சும்மா இருக்க வேண்டிய பத்து எண்ணிக்கைக்கு நான் பேனாவால் வைத்த பத்துப் புள்ளிகள் அப்படியே இருந்தன. அவற்றின்மேல் பென்சிலில் அவர் கையெழுத்து. விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தது:

"இங்க எண்ணாத. சாமிநாதன் பாடுதாரு."

தனராஜிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நோட்டு. மெட்டும் பிடிபடாத, தனியாகப் பாடினால் ஒன்றும் விளங்காத, நாலில் ஒரு பங்குப் பாட்டு. காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என் பங்கைப் பாடுகிறேன். பத்துப் புள்ளி முடிந்த பிறகும், அவருக்காக இன்னும் இரண்டு எண்ணிக்கை நிறுத்திவிட்டுத்தான் மேலே போகிறேன்.