தறிச் சத்தத்துக்குள் முருகன் காட்டிய இடம்

என்னைப் போல முருகனே கதி என்று இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். நான் அஞ்சாவதோடு நின்றவள். கோர்வையாகச் சொல்ல வராது.

என் மகள் தெய்வானைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. சீனாக்காரன் சண்டை முடிந்த மறு வருடம் எனக்கு மூச்சிழுப்பு கண்டது. அவள் அப்பா முன்னமே போய்விட்டார். நானும் போய்விட்டால் இவளுக்கு யார் கஞ்சி ஊற்றுவார்கள்? அவளுக்கு வயது பதினாறு. பருத்தி எடுக்கக் கூட்டிப்போனால், கூப்பிட்டால் திரும்பமாட்டேன் என்கிறாள் என்று அனுப்பிவிட்டார்கள். மூச்சு வாங்கும்போதெல்லாம் இதுதான் கடைசி என்று நினைப்பேன்.

சென்னிமலை முருகனிடம் போய் அழுதேன். இவள் காதைத் திறந்துவிடு, முடி கொடுக்கிறேன் என்று வேண்டினேன். கிருத்திகை தோறும் வீட்டில் மணி அடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் சூடத்தைத்தான் பார்ப்பாள்.

தை மாதம், பக்கத்து வீட்டு மாராத்தாள் அக்கா தான் வேலை செய்யும் சோமனூர் விசைத்தறிக் கொட்டகைக்கு எங்களைக் கூட்டிப்போனார். தறி நாடாவுக்குள் போடும் தாருக்கு நூல் சுற்ற ஆள் வேண்டுமாம். முதலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"காது கேக்காத புள்ளையாங்க? வேண்டாமுங்க. தறிய ஓட்டற வாருல துணி மாட்டுனா, எட்ட நின்னு கத்துனா அதுக்குக் கேக்குமா?"

"ஏனுங்க மொதலாளி," என்றார் அக்கா, "நேத்து நீங்க தொண்டை கட்டக் கட்டக் கூப்பிட்டீங்களே, நான் வந்தனுங்களா? தறி ஓடுறப்ப உள்ள இருக்கற அத்தன பேரும் செவுடுதானுங்க."

முதலாளி சிரித்துவிட்டார். "வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல. நாளைக்கு வரச்சொல்லு."

எனக்குத்தான் நிம்மதி இல்லை. கிடைத்தது வேலையா, ஆபத்தா? பொறுக்காமல் ஒரு நாள் சோற்றுப் போசியோடு போனேன். உள்ளே கால் வைத்ததும் சத்தத்தில் தலை சுற்றியது. யாரும் வாயால் பேசவில்லை. எல்லாம் கை, கண், புருவம். தெய்வானை கையை ஆட்டி என்னவோ சொன்னாள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. மகளைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளே ஓடிவந்து, வார் ஓடுகிற பக்கத்திலிருந்து என்னைத் தள்ளி நிறுத்தினாள்.

வெளியே வந்து அக்காவிடம் கேட்டேன். "என்னக்கா சொன்னா?"

"எங்கம்மா சோறு கொண்டாரல, என்னைய வேவு பாக்க வந்திருக்கறான்னு சொன்னா. ஊமைப் புள்ளைன்னியே, சித்த நேரம் அதைய சும்மா இருக்கச் சொல்லு அம்மிணி. எங்களுக்கு வேலையே ஓடறதில்ல."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நான் கேட்டது காது. அது இன்றைக்கும் திறக்கவில்லை. அப்படியானால் வேண்டுதல் பலித்ததா, இல்லையா? முடி கொடுக்கலாமா? குழம்பிக் குழம்பி, பங்குனியில் கொடுத்துவிட்டேன். தப்பென்றால் முருகன் பொறுத்துக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டிலும் மற்றவர்களைப் போல இல்லாத பிள்ளை இருக்கலாம். மாற்றிக்கொடு என்று நீங்களும் அழுவீர்கள். அழுங்கள், முருகன் கோபிக்கமாட்டான். அழுதுகொண்டே, அந்தப் பிள்ளை எங்கே சிரிக்கிறது என்றும் பாருங்கள். அங்கேயும் அவன் நிற்பான்.

இப்போது நான் மகளிடம் கைப்பேச்சு கற்கிறேன். "பயப்படாதே" என்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தாள். நெஞ்சை மெல்லத் தட்டிவிட்டு, கையை விரித்துக் காட்டவேண்டும். எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. அவள் தினமும் பொறுமையாகத் திருத்துகிறாள்.