எட்டாவது செவ்வாய்க்கிழமை நான் போகவில்லை

அன்பான இறைமக்களே, என் கணவருக்கு இருப்பது ஒரே ஒரு சிறுநீரகம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு தவக்காலத்தில் அவருக்கு மூன்றாவது முறையாகக் கல் அடைத்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து வெளியே வந்த டாக்டர், "ஒண்ணக் காப்பாத்த முடியலம்மா. மிச்சம் இருக்குறதப் பத்திரமாப் பாத்துக்கங்க. நல்ல தண்ணி நெறையாக் குடிக்கணும்" என்றார். நாங்கள் இருந்த வாடகை வீட்டில் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். குடிப்பதற்குக் கேன் வாங்கினோம். சோறு பொங்க, குழம்பு வைக்க அந்தக் குழாய்தான். அதனால்தான் கல் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. நான் சொன்னேன். எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் லேசில் போகாது.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை, பெயர் ரெஜினா. எங்கள் சம்பளத்துக்கு வாழ்நாளில் ஒரு வீடுதான் வாங்க முடியும். அதில் ஏமாந்தால் இன்னொன்று கிடையாது. அந்தப் பயத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மருத்துவமனை வாசலில் அழுததைவிட வீடு பார்த்த நாட்களில்தான் அதிகம் அழுதேன்.

நத்தம் சாலைப் பக்கம் ஓர் ஓடைக்கு இருபுறமும் இரண்டு நகர்கள். பெயரைச் சொல்லி யார் மனை விலையையும் குறைக்க எனக்கு விருப்பமில்லை. இக்கரை, அக்கரை என்றே சொல்கிறேன். என் கணவர் தாமஸ் தினமும் மதுரைக்கு வேலைக்குப் போய் வருகிறவர். இக்கரை வீட்டிலிருந்து தெருமுனையிலேயே பஸ் ஏறலாம், கோயில் மணியும் கேட்கும். விற்கிறவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர். ஞானம் சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கரை வீட்டிலிருந்து பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். அதை விற்கிறவர் பேகம்பூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பாய்.

இரண்டு பேரையுமே நான் நம்பவில்லை. "ஏ ரெஜினா, ஞானம் சாரு நம்ம பங்குக்காரருடி. பூசை தவறாத மனுசன் பொய் சொல்லுவாரா?" என்றார் தாமஸ். பூசைக்கு வருகிறவர்கள் பொய்யே சொல்வதில்லை என்றால் பாவசங்கீர்த்தனத்துக்கு ஏன் அவ்வளவு நீள வரிசை நிற்கிறது?

பாய் மீது எனக்கு இன்னும் பெரிய சந்தேகம். போன முதல் நாளே அவர், "வடக்குச் செவுத்துல மழைக்கு ஓதம் ஏறும்மா. சித்திரை வைகாசில போர்ல தண்ணி கீழ போயிரும், வண்டித் தண்ணிதான் வாங்கணும்" என்றார். தன் வீட்டுக் குறையைத் தானே சொல்கிறவர் இதைவிடப் பெரிய குறை எதையோ ஒளிக்கிறார் என்று நினைத்தேன். வில்லங்கச் சான்றை இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

கடைசியில் கோடி அற்புதர் அந்தோணியாரிடம் ஒன்பது செவ்வாய்க்கிழமை நவநாள் நேர்ந்துகொண்டேன். முடியும்வரை யாருக்கும் அட்வான்ஸ் கிடையாது. என் செபம் ஒரே வரிதான். "ஆண்டவரே, ஏமாற்றுகிறவனை என் கண்ணில் காட்டும்."

நான் செபத்தோடு நிறுத்துகிற ஆள் இல்லை. ஒவ்வொரு செவ்வாயும் நவநாள் முடிந்த கையோடு இரண்டு வீட்டுக்கும் போய், வாசல் குழாயில் வீட்டுக்கொரு பாட்டில் தண்ணீர் பிடித்து வருவேன். வீட்டில் தனித்தனியாகத் துவரம்பருப்பு வேகவைப்பேன். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். தாமஸுக்கு இக்கரை மேல் ஆசை என்பதால், பாட்டிலை மாற்றிவிடுவாரோ என்று இக்கரைப் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல்கூடக் கட்டிவைத்தேன். ஏழு வாரமும் இரண்டு பருப்பும் மசிய வெந்தன.

ஏழாவது வாரம் கோயில் வாசலில் ஞானம் சார் பிடித்துக்கொண்டார். "வேற பார்ட்டி நிக்கிது டீச்சர். நீங்க ஒம்பது வாரம் முடிக்கிறவரைக்கும் நிக்காது." தாமஸ் பொறுமை இழந்துவிட்டார். "தண்ணியும் நல்லாருக்கு, பஸ்ஸும் பக்கம். அடுத்த வியாழக்கிழமை அட்வான்ஸ் குடுக்குறோம்" என்றார். மறுத்துச் சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

எட்டாவது செவ்வாய்க்கிழமை எனக்குக் கடும் காய்ச்சல். எழுந்திருக்கவே முடியவில்லை. நவநாள் முறிந்துவிட்டதே என்று படுத்தபடியே அழுதேன். "ஏழு வாரம் நடந்தேனே, ஒரு வாரம் எழுப்பிவிட மாட்டீரா?" என்று ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டேன். அவரையும் அன்று சந்தேகப்பட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை மாலை காய்ச்சல் விட்டது. மறுநாள் அட்வான்ஸ். அந்தோணியாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இக்கரை வீட்டுக்குப் போனேன். வாசல் குழாயைத் திறந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். உப்பு. துப்பிவிட்டு, காய்ச்சல் வாயோ என்று மறுபடியும் குடித்துப் பார்த்தேன். அதே உப்பு.

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "அது போர்த் தண்ணியாச்சே, அதப் போயிக் குடிக்கிறீங்க? செவ்வாக்கெழம வாங்க, நல்ல தண்ணி வரும்" என்றார்.

"செவ்வாய்க்கிழமை மட்டும் எப்படி?" என்று கேட்டேன்.

"வீடு பாக்க யாரோ டீச்சராம், கோயில் முடிஞ்சு செவ்வாக்கெழமதான் வருவாகளாம். அதுக்காக அன்னைக்கு மட்டும் டேங்க்ல வண்டித் தண்ணி ஊத்துறாரு. ராத்திரி மிச்சத்த நாங்க கொடத்துல புடிச்சுக்குவோம். நேத்து அந்தம்மா வரல போல, எங்களுக்கு அம்புட்டும் கெடச்சுச்சு."

உலகத்தையே சந்தேகப்பட்டவள், வாரம் தவறாமல் ஒரே நாள் ஒரே நேரத்துக்குப் போய் நின்றிருக்கிறேன். ஏமாற்றுகிறவருக்கு நேரம் குறித்துக் கொடுத்ததே நான்தான். என் கெட்டிக்காரத்தனம் ஏழு வாரத்தில் கண்டுபிடிக்காததை ஆண்டவர் என்னைக் கட்டிலில் படுக்கவைத்துக் காட்டினார்.

அப்படியே ஓடையைத் தாண்டி அக்கரைக்கு நடந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் போய்க் குழாயைத் திறந்தேன். அதே பழைய நல்ல தண்ணீர். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்தபடி பாய் நின்றிருந்தார். என்னால் மறைக்க முடியவில்லை. "உங்களத்தான் பாய் நான் ரொம்பச் சந்தேகப்பட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "வீடு வாங்குறவங்க சந்தேகப்படத்தானம்மா செய்யணும். நான் இதக் கட்டும்போது கொத்தனார நம்பவே இல்ல."

ஒன்பதாவது செவ்வாய்க்கிழமை பாட்டில் கொண்டுபோகவில்லை. மெழுகுதிரி ஏற்றி நன்றி மட்டும் சொன்னேன். இப்போது அக்கரையில் இருக்கிறோம். மழைக்கு வடக்குச் சுவர் ஓதம் ஏறத்தான் செய்கிறது. கோடையில் தண்ணீர் வண்டிக்குச் சொல்லிவிடத்தான் வேண்டியிருக்கிறது. காலையில் தாமஸை நான் ஸ்கூட்டியில் பஸ்ஸுக்குக் கொண்டுவிடுகிறேன். போன மாதம் ஸ்கேன் பார்த்த டாக்டர், "இருக்குற ஒண்ணு நல்லா வேலை செய்யுது" என்றார். அன்று ஸ்கேன் அறை வாசலிலேயே முழந்தாளிட்டேன்.

என் சந்தேகக் குணம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. மீன்காரரிடம் இன்றும் செவுளைத் தூக்கித்தான் பார்க்கிறேன். ஆனால் "ஏமாற்றுகிறவனைக் காட்டும்" என்று இப்போது செபிப்பதில்லை. "நான் பார்க்கத் தவறுவதை நீர் பார்த்துக்கொள்ளும்" என்கிறேன். அதைச் சொன்னபிறகு தூக்கம் வருகிறது.

உங்களில் யாராவது, எனக்கு விசுவாசம் போதாதே என்று செபிக்காமல் இருந்தால், என்னைப் பாருங்கள். நான் நம்பிக்கையோடு கோயிலுக்குப் போகவில்லை, சந்தேகத்தோடுதான் போனேன். அவர் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. நீங்களும் இருக்கிற மனதோடு அப்படியே வாருங்கள்.